குறித்தகால ஒப்பந்தத்தில் அகழாய்வு வேலை: ஆண்டு விடுப்புக்கும் சம்பளத்துக்கும் சட்டப்படி என்ன அளவு?

மண்ணடுக்கு எழுதியது:

வணக்கம். இங்கிலாந்தில் தொல்லியல் படித்து, அங்கேயே ஒரு நிறுவனத்தில் களப்பணியாளராக இருந்துவிட்டுச் சிங்கப்பூர் திரும்பியிருக்கிறேன். இப்போது, கட்டுமானத் திட்டங்கள் தொடங்கும் முன் நிலத்தின் தொல்லியல் மதிப்பை ஆய்ந்து அறிக்கை தரும் ஒரு தனியார் ஆலோசனை நிறுவனத்தில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனியாக ஒப்பந்தம் போடுகிறார்கள். அந்த ஒப்பந்தம் மூன்று மாதத்தைத் தொடுவதற்குச் சில நாள்கள் முன்பே முடிந்துவிடும். ஓரிரு வாரம் கழித்து, அதே மேற்பார்வையாளரின் கீழ், அதே வேலைக்கு அடுத்த ஒப்பந்தம் வரும். ஆண்டு விடுப்பைப் பற்றிக் கேட்டால், மூன்று மாதம் நிறைவடையாதவருக்குச் சட்டப்படி விடுப்பு கிடையாது என்று பதில் சொல்கிறார்கள்.

மாதச் சம்பளம் 3,900 வெள்ளி. ஆனால் அடுத்த திட்டத்திலிருந்து மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு, நாளொன்றுக்கு 200 வெள்ளி வீதம் இன்வாய்ஸ் அனுப்பும் சுயதொழில் செய்பவராக மாறிக்கொள்ளும்படி கேட்கிறார்கள். நாள் கணக்கில் பார்த்தால் வருமானம் கூடும் என்பது அவர்களுடைய வாதம். மழை பெய்து குழியில் நீர் தேங்கும் நாள்களுக்கு அப்போது பணம் இல்லை என்பதை மட்டும் மெதுவாகச் சொன்னார்கள்.

என் கேள்விகள் இவை. இப்படித் துண்டு துண்டாக வேலை செய்பவருக்கு ஆண்டு விடுப்பும் பொது விடுமுறைச் சம்பளமும் உண்டா? சுயதொழில் முறைக்கு மாறினால் நான் எதை இழப்பேன்? பிரிட்டனில் தொழில்முறைக் கழகம் பரிந்துரைக்கும் குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று இருந்தது. தொல்லியலாளர்களுக்கு அப்படி ஓர் அளவுகோல் சிங்கப்பூரில் இருக்கிறதா? துறை மிகச் சிறியது என்பதால் வெளிப்படையாகக் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. நிறுவனத்தின் பெயரைத் தயவுசெய்து யாரும் ஊகிக்க வேண்டாம்.


சம்பளச்சீட்டு எழுதியது:

வணக்கம் சகோதரி. நான் தொல்லியல் அறியாதவன். மனிதவளப் பிரிவில் நெடுங்காலம் சம்பளக் கணக்குப் பார்த்தவன். ஆகவே சட்டம் சொல்வதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் எந்த வகை ஒப்பந்தத்தில் இருக்கிறீர்கள் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், ஏனெனில் மற்ற எல்லாமே அதைப் பொறுத்துத்தான் அமையும். ஒரு முதலாளியின் கீழ் ஊழியராகச் சேர்ந்து, அவர் சொல்லும் நேரத்தில், அவர் தரும் கருவிகளைக் கொண்டு, அவருடைய மேற்பார்வையில் வேலை செய்வது ஊழிய ஒப்பந்தம். ஒரு வேலையை முடித்துத் தருவதாக ஏற்று, லாப நட்டத்தைத் தானே சுமந்து, விரும்பினால் வேறொருவரை அமர்த்தியும் செய்து கொடுப்பது சேவை வழங்கும் ஒப்பந்தம். முன்னதற்கு மட்டுமே வேலை நியமனச் சட்டம் பொருந்தும். தாளின் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பது முடிவானதன்று. வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்பதையே பார்ப்பார்கள். அதே மேற்பார்வையாளர், அதே நேரம், அதே கருவிகள் என்று தொடர்ந்துவிட்டு, சம்பளச்சீட்டுக்குப் பதிலாக இன்வாய்ஸ் மட்டும் மாறினால், உங்களைச் சுயதொழில் செய்பவர் என்று நிறுவ அவர்கள் சிரமப்பட வேண்டியிருக்கும்.

இப்போது விடுப்பு. 2019 ஏப்ரல் 1 முதல் இச்சட்டம் சம்பள உச்சவரம்பு இல்லாமல் மேலாளர், நிர்வாகி உட்பட எல்லா ஊழியர்களையும் உள்ளடக்குகிறது. ஆண்டு விடுப்பும் அவர்கள் அனைவருக்கும் உண்டு. மூன்று மாதம் பணியாற்றியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்மைதான். முதல் ஆண்டில் 7 நாள், ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாள் கூடி, எட்டாம் ஆண்டு முதல் 14 நாள். ஓராண்டு நிறைவடையாதவருக்கு முழுமையான மாதங்களின் விகிதத்தில் கணக்கிடுவார்கள். அரை நாளுக்குக் குறைந்த பின்னத்தை விட்டுவிடலாம், அரை நாளோ அதற்கு மேலோ வந்தால் ஒரு நாளாக்க வேண்டும். எட்டு மாதம் வேலை செய்தவருக்கு 4.67 வரும், அதாவது 5 நாள்.

உங்கள் சிக்கல் இடைவெளியில் இருக்கிறது. குறித்தகால ஊழியர்களுக்கென்று, அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கமும் சேர்ந்து வகுத்த ஒரு முத்தரப்புத் தரநிலை உண்டு. 14 நாளோ அதற்கு மேலோ நீடிக்கும் ஒப்பந்தம் முடிந்து, ஒரு மாதத்துக்குள் அடுத்தது தொடங்கினால், இரண்டையும் தொடர்ச்சியான பணிக்காலமாகக் கருதி, மொத்தக் காலத்தை வைத்து விடுப்பு வழங்க வேண்டும் என்று அது சொல்கிறது. நீங்கள் சொல்லும் ஓரிரு வார இடைவெளி இதற்குள் அப்படியே அடங்குகிறது. தரநிலையை ஏற்பது நிறுவனங்களின் விருப்பம் என்பதால், உங்கள் நிறுவனம் அதில் கையெழுத்திட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஏற்ற நிறுவனங்களின் பட்டியல் பொதுவில் கிடைக்கிறது. கையெழுத்திடாத நிறுவனமாக இருந்தாலும், மூன்று மாதத்தை எட்டாதபடி திரும்பத் திரும்ப ஒப்பந்தத்தை வெட்டுவது விடுப்பைத் தவிர்ப்பதற்காகத்தான் என்ற கேள்வி எழும். அந்தக் கேள்வியை அவர்கள் விரும்ப மாட்டார்கள்.

பொது விடுமுறைக்கு மூன்று மாத நிபந்தனை கிடையாது. ஆண்டுக்கு 11 நாள். வேலைக்குச் சேர்ந்த மறுவாரம் தீபாவளி வந்தாலும் அந்த நாளுக்குச் சம்பளம் உண்டு. நாட்கூலி ஊழியருக்கும் உண்டு. விடுமுறைக்கு முந்திய அல்லது பிந்திய வேலை நாளில் அனுமதியின்றி வராமல் இருந்தால் மட்டும் அந்த உரிமை போகும். விடுமுறையன்று வேலைக்கு அழைத்தால் கூடுதலாக ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் தர வேண்டும். ஐந்து நாள் வேலை வாரத்தில் விடுமுறை சனிக்கிழமையில் விழுந்தால், அதற்கு ஈடாக வேறொரு நாள் ஓய்வோ ஒரு நாள் சம்பளமோ உங்களுக்குச் சேர வேண்டும். இதைப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

விடுப்பு நாளின் சம்பளம் மொத்தச் சம்பள விகிதத்தில் கணக்கிடப்படும். மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கி, 52 வாரங்களின் வேலை நாள்களால் வகுக்க வேண்டும். 3,900 வெள்ளிக்கு ஐந்து நாள் வாரத்தில் இது நாளொன்றுக்குச் சரியாக 180 வெள்ளி. களத்துக்கென்று தரும் உணவுப் படியும் போக்குவரத்துப் படியும் இந்தக் கணக்கில் சேரா.

இனி அவர்கள் சொல்லும் 200 வெள்ளியைப் பாருங்கள். 180-ஐ விடக் கூடுதல் என்று தோன்றும். ஆண்டின் 260 வார நாள்களில் 11 பொது விடுமுறையும் 7 நாள் ஆண்டு விடுப்பும் போக 242 நாள் எஞ்சும். ஊழியராக இருந்தால் ஆண்டுச் சம்பளம் 46,800 வெள்ளி. அதன்மேல் 55 வயதுக்கு உட்பட்டவருக்கு முதலாளி செலுத்தும் 17 விழுக்காடு மத்திய சேம நிதிச் சந்தா 7,956 வெள்ளி. ஆக மொத்தம் 54,756. இதை 242-ஆல் வகுத்தால் நாளொன்றுக்குச் சுமார் 226 வெள்ளி. அதற்குக் கீழே எந்தத் தொகையும் உங்களுக்குச் சம்பளக் குறைப்புதான். இதில் நோய் விடுப்பை நான் சேர்க்கவே இல்லை. ஆறு மாதம் பணியாற்றிய ஊழியருக்கு 14 நாள் வெளிநோயாளி விடுப்பும், அதையும் உள்ளடக்கி 60 நாள் மருத்துவமனை விடுப்பும் உண்டு. மழை நாள்களையும் நான் சேர்க்கவில்லை. குழியில் இறங்கி வேலை செய்யும் ஒருவருக்கு இதைவிடப் பெரியது வேலையிடக் காய இழப்பீடு. சுயதொழில் செய்பவருக்கு அது கிடையாது.


பழைய குழி எழுதியது:

சம்பளச்சீட்டு சொன்ன சட்டத்தில் எனக்குச் சேர்க்க ஒன்றுமில்லை. சம்பள அளவுகோல் பற்றிய கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். இல்லை என்பதே சுருக்கமான பதில்.

சிங்கப்பூரில் எல்லாருக்கும் பொதுவான குறைந்தபட்சச் சம்பளச் சட்டமே கிடையாது. துப்புரவு, பாதுகாவல், நிலவனப்பு போன்ற துறைகளுக்குப் படிப்படியாக உயரும் சம்பள முறை இருக்கிறது, தொல்லியலுக்கு இல்லை. இருக்கவும் வழியில்லை. சம்பள முறை வகுப்பதற்கு முதலாளிகள், தொழிற்சங்கம், அரசு என்று மூன்று தரப்பும் உட்கார வேண்டும். நம் துறையில் ஒரு மேசையை நிரப்பும் அளவுக்குக்கூட ஆளில்லை.

இதற்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. இங்கே முறையான அகழாய்வு 1984-இல் கேனிங் கோட்டைக் குன்றில் தொல்லியலாளர் ஜான் மிக்சிக் தலைமையில் தொடங்கியது. அதன் பிறகு நாடாளுமன்ற வளாகம், எம்பிரஸ் பிளேஸ் என்று ஒவ்வொன்றும் கட்டுமான இயந்திரம் வருவதற்குள் எடுத்ததை எடுத்துக்கொள்ளும் அவசர மீட்பு வேலையாகவே நடந்தது. அந்த வேலைகளைத் தாங்கியவர்களில் பெரும்பகுதியினர் தொண்டூழியர்கள், மாணவர்கள், ஆர்வலர்கள். 2015-இல் எம்பிரஸ் பிளேசில் சுமார் 3 டன் தொல்பொருள் வெளிவந்தபோதும் தொண்டூழியர்களின் கை அதில் இருந்தது. அவர்களில் நானும் ஒருவன் என்பதால், அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அதன் பின்விளைவு ஒன்றையும் மறைக்க முடியாது. ஓய்வு நாளில் விருப்பத்தோடு வந்து இலவசமாகச் செய்யும் ஒரு வேலைக்கு மாதச் சம்பளமும் விடுப்பும் ஏன் என்று மேம்பாட்டாளர்கள் நினைக்கப் பழகிவிட்டார்கள். மண் பரிசோதனைக்கு வரும் பொறியாளரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

பிரிட்டனில் நிலைமை வேறாக இருப்பதற்கு, திட்டமிடல் அனுமதியோடு தொல்லியலை இணைத்ததே காரணம் என்று நினைக்கிறேன். அங்கே இருப்பவர்கள் இதை விரித்து எழுதினால் நல்லது.

தேசிய மரபுடைமைக் கழகம் போன்ற ஆணைபெற்ற கழகங்களில் நேரடி வேலை கிடைத்தால் விதிகள் வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். அரசாங்க ஊழியர்களும் ஆணைபெற்ற கழக ஊழியர்களும் வேலை நியமனச் சட்டத்துக்கு வெளியே இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தந்த அமைப்பின் பணி விதிகளே பொருந்தும். கடலோடிகளும் சட்டத்துக்கு வெளியேதான். பெட்ரா பிராங்கா தீவுக்கு அருகில் 14ஆம் நூற்றாண்டுக் கப்பலையும் 1796-இல் மூழ்கிய ஷா முன்ச்சரையும் ஆய்ந்த செய்தி 2021-இல் வெளிவந்த பிறகு, பல இளையர்கள் கடலடித் தொல்லியலில் இறங்க ஆசைப்படுகிறார்கள். அவர்கள் ஒப்பந்தத்தில் தங்களைக் கடலோடி என்று குறிப்பிட்டிருக்கிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டும்.


யோர்க்வாசி எழுதியது:

நான் சிங்கப்பூரின் ஈசூனில் வளர்ந்து, இப்போது இங்கிலாந்தின் வடபகுதியில் களத் தொல்லியலாளராக இருக்கிறேன். ஐயா கேட்டதால் இங்குள்ள நிலையை எழுதுகிறேன். சிலர் நினைப்பதுபோல் இது சொர்க்கம் இல்லை.

பிரிட்டனில் விடுப்பு வலிமையானது, அதற்குத் தொல்லியலோடு எந்தத் தொடர்பும் இல்லை. 1998-இன் வேலைநேர ஒழுங்குமுறைகளின்படி எல்லாத் தொழிலாளர்க்கும் ஆண்டுக்கு 5.6 வாரம், அதாவது வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்கு 28 நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு உண்டு. எட்டுப் பொது விடுமுறைகளையும் முதலாளி இந்த 28-க்குள் அடக்கிக்கொள்ளலாம். ஆகவே மண்ணடுக்கு அக்கா 28-ஐயும் 7-ஐயும் நேராக ஒப்பிடக் கூடாது. 7 நாள் விடுப்போடு 11 பொது விடுமுறையும் சேர்ந்த 18-உடன் 28-ஐ ஒப்பிட வேண்டும். சிங்கப்பூரில் எட்டாம் ஆண்டை எட்டியவருக்கு 25 ஆகிவிடும். ஆனால் அகழாய்வில் ஒரே நிறுவனத்தில் எட்டாண்டு தொடர்ந்து இருப்பவர் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி. பணிமூப்பை வைத்து விடுப்பை உயர்த்தும் சட்டம், இடம் மாறிக்கொண்டே இருக்கும் தொழிலைச் செய்பவரை எப்போதும் முதற்படியிலேயே நிறுத்தி வைக்கிறது. எனக்குச் சிங்கப்பூர் முறையில் உள்ள மிகப் பெரிய குறை இதுதான்.

இன்னொரு வேறுபாடு முக்கியமானது. சிங்கப்பூரில் 2025 முதல் செயலித் தளங்கள் வழி வேலை செய்யும் ஓட்டுநர், விநியோகிப்பாளர் போன்றோருக்குத் தனி நிலை வந்திருக்கிறது; நம்மைப் போன்றவர்களுக்கு ஊழியர், சுயதொழில் செய்பவர் என்று இரண்டே பெட்டிகள். இங்கே இடையில் தொழிலாளர் என்ற மூன்றாவது நிலை இருக்கிறது. முழு ஊழியராக இல்லாவிட்டாலும், வேலையைத் தானே நேரில் செய்து தர ஒப்புக்கொண்ட ஒருவருக்கு விடுப்புச் சம்பளம் கிடைக்கும். பிம்லிகோ பிளம்பர்ஸ் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம், சுயதொழில் செய்பவர் என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்த குழாய்ப் பணியாளரைத் தொழிலாளர் என்றே தீர்ப்பளித்தது. வாரந்தோறும் இன்வாய்ஸ் அனுப்பிக்கொண்டு ஒரே நிறுவனத்தின் பள்ளத்தில் நிற்கும் அகழ்வாளர்கள் அந்தத் தீர்ப்பை ஆர்வத்தோடு படித்தார்கள்.

நேரம் சீராக இல்லாதவர்களுக்கும் ஆண்டின் ஒரு பகுதி மட்டும் வேலை செய்பவர்களுக்கும், 2024 ஏப்ரல் 1-க்குப் பின் தொடங்கும் விடுப்பு ஆண்டுகளிலிருந்து, வேலை செய்த மணிநேரத்தில் 12.07 விழுக்காடு விடுப்பாகச் சேரும். அந்தத் தொகையைச் சம்பளத்தோடு சேர்த்தே கொடுத்துவிடவும் இப்போது சட்டம் இடம் தருகிறது. மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை. முதல் நாளிலிருந்தே சேரும். இதுவே சிங்கப்பூரில் இருந்திருந்தால் அக்காவின் கேள்வியே எழுந்திருக்காது.

இனிச் சம்பளம். பழைய குழி ஐயாவின் ஊகம் சரியானது. 1990-இல் இங்கிலாந்தில் வந்த பிபிஜி 16 என்ற திட்டமிடல் வழிகாட்டுதல், நிலத்தை மேம்படுத்துபவரே தொல்லியல் ஆய்வுக்கும் செலவு செய்ய வேண்டும் என்ற நடைமுறையை வேரூன்றச் செய்தது. வேலை பெருகியது, போட்டியும் பெருகியது. குறைந்த விலை கேட்கும் நிறுவனத்துக்கே மேம்பாட்டாளர் வேலை கொடுப்பார் என்பதால், சம்பளம் நெடுங்காலம் அடிமட்டத்திலேயே கிடந்தது. இந்த இழுப்பைத் தடுக்கத்தான் தொழில்முறைக் கழகம் குறைந்தபட்சச் சம்பளப் பரிந்துரையை வெளியிடுகிறது. 1982-இல் தொடங்கிய அந்தக் கழகம் 2014-இல் அரசப் பட்டயம் பெற்றது. மேற்பார்வையின் கீழ் வேலை செய்பவர், ஓரளவு பொறுப்பேற்பவர், முழுப் பொறுப்பேற்பவர் என்று மூன்று நிலைகளுக்கு அது தொகை வகுக்கிறது.

அந்தத் தொகையோடு கூடவே வரும் நிபந்தனைகளைத்தான் சிங்கப்பூர்க்காரர்கள் கவனிக்க வேண்டும். வாரம் சராசரி 37.5 மணி வேலை, முதலாளி செலுத்தும் 6 விழுக்காடு ஓய்வூதியச் சந்தா, நோயுற்றால் குறைந்தது ஒரு மாத முழுச் சம்பளம் ஆகியவற்றை அடிப்படையாக வைத்தே தொகை சொல்லப்படுகிறது. இவற்றில் ஒன்று குறைந்தால் சம்பளத்தை அதற்கேற்ப உயர்த்த வேண்டும். எண்ணை மட்டும் பார்க்காமல், எண்ணுக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று கேட்கும் முறை இது. ஆனால் இது சட்டம் அன்று. சட்டமாக இருப்பது தேசிய வாழ்வூதியம் மட்டுமே. 2025 ஏப்ரலில் 21 வயது நிறைந்தவருக்கு மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. பட்டம் பெற்று, முழங்கால் தேய மண்ணைச் சுரண்டும் புதியவரின் சம்பளம் அந்தச் சட்டக் கோட்டுக்குச் சற்று மேலேதான் நிற்கிறது என்ற மனக்குறை இங்கே எல்லாக் களங்களிலும் கேட்கும். புரோஸ்பெக்ட் தொழிற்சங்கத்தில் தொல்லியலாளர்களுக்கென்று தனிக் கிளை இருப்பதால், அந்தக் குறையைக் கொண்டுபோய்ச் சொல்ல ஓர் இடமாவது இருக்கிறது.

விடுப்புச் சம்பளத்தில் இன்னொன்று. வாரந்தோறும் சம்பளம் மாறுபவருக்கு, கடந்த 52 வாரங்களின் சராசரியை எடுத்துத்தான் இங்கே விடுப்புச் சம்பளம் தருகிறார்கள். இரண்டு மாதம் விடாமல் கூடுதல் நேரம் உழைத்துவிட்டு விடுப்பில் போகிறவருக்கு அது பெரிய வேறுபாடு.


ஈரக்காலணி எழுதியது:

எல்லாரும் சுயதொழில் முறையைப் பேய்போல் சித்திரிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் மட்பாண்ட ஓடுகளை ஆய்ந்து அறிக்கை எழுதித் தருபவன். ஒரே நேரத்தில் பல நிறுவனங்களுக்கு வேலை செய்கிறேன், வீட்டிலிருந்தே செய்கிறேன், விலையை நானே சொல்கிறேன். எனக்கு ஆண்டு விடுப்பு வேண்டாம். வேண்டும்போது வேலையை ஏற்காமல் இருந்துவிடுவேன். யோர்க்வாசி சொல்லும் முறைகள் சிங்கப்பூருக்கு வந்தால், சிறிய நிறுவனங்கள் ஆய்வாளரை அமர்த்தவே தயங்கும் என்பது என் கருத்து.

ஆனால் சகோதரியின் நிலை என்னுடையதைப் போன்றதன்று. அவருக்கு ஒரே வாடிக்கையாளர், அந்த வாடிக்கையாளரே நேரமும் இடமும் குறிக்கிறார், மழைக்கான நட்டம் மட்டும் அவர் தலையில். 200 வெள்ளிக்கு நான் அதை ஏற்க மாட்டேன். ஏற்கத்தான் வேண்டும் என்றால், களத்துக்கு வந்தபின் மழையால் வேலை நின்றால் அரை நாள் தொகை, முதல் நாள் மாலைக்குப் பிறகு ரத்து செய்தால் முழு நாள் தொகை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இன்வாய்ஸ் கிடைத்த எத்தனை நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊழியருக்குச் சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் வந்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நமக்கு ஒப்பந்தத்தில் எழுதியதுதான் சட்டம்.


மண்ணடுக்கு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நிறுவனம் முத்தரப்புத் தரநிலையை ஏற்றவர்கள் பட்டியலில் இல்லை என்று பார்த்துவிட்டேன். 226 வெள்ளிக் கணக்கைக் காட்டிப் பேசப் போகிறேன்.

இரண்டு விவரங்களை முன்பே எழுதியிருக்க வேண்டும். ஊழியராக இருக்கும் இப்போதும், மழையால் வேலை நின்ற நாள்களைச் சம்பளமில்லா விடுப்பாகப் பதிந்து சம்பளத்தில் கழித்திருக்கிறார்கள். அடுத்தது, கட்டுமான அட்டவணை நெருக்கும்போது சனிக்கிழமையும் இருட்டும் வரை வேலை நடக்கிறது; கூடுதல் நேரப் பணம் கேட்டால், பட்டதாரிகளுக்கு அது கிடையாது என்கிறார்கள். என் நேரத்தில் பெரும்பகுதி கரண்டியோடும் சல்லடையோடும் குழியில்தான் கழிகிறது. எனக்குக் கீழே யாரும் இல்லை. பட்டம் இருப்பதால் மட்டும் கூடுதல் நேரப் பணம் போய்விடுமா?


சம்பளச்சீட்டு எழுதியது:

மழை நாள் முதலில். மாதச் சம்பள ஊழியர் ஒருவர் வேலைக்குத் தயாராக வந்து நிற்கிறார், முதலாளியால் வேலை தர முடியவில்லை என்றால் அது ஊழியர் வராமல் இருந்ததாகாது. எந்தெந்தக் காரணங்களுக்குச் சம்பளத்தில் கழிக்கலாம் என்று சட்டமே வரையறுத்திருக்கிறது. வானிலை அதில் இல்லை. கழித்த நாள்களின் வேலைப் பதிவையும் சம்பளச்சீட்டுகளையும் எடுத்து வையுங்கள். விவரமான சம்பளச்சீட்டும், வேலையில் சேர்ந்த 14 நாளுக்குள் முக்கிய வேலை நிபந்தனைகளை எழுத்தில் தருவதும் 2016 ஏப்ரல் முதல் முதலாளிகளின் கடமை.

கூடுதல் நேரம் சட்டத்தின் நான்காம் பகுதியில் வருகிறது. ஆண்டு விடுப்பைப் போல அது எல்லாருக்கும் பொருந்தாது. உடலுழைப்பு ஊழியராக இருந்து அடிப்படைச் சம்பளம் மாதம் 4,500 வெள்ளிக்கு மேற்படாதவர்க்கும், மற்ற ஊழியர்களில் 2,600 வெள்ளிக்கு மேற்படாதவர்க்கும் மட்டுமே அது உரியது. வாரத்துக்கு 44 மணிக்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு, மாதத்துக்கு 72 மணி வரை மட்டும் கூடுதல் நேரம், வாரம் ஒரு நாள் ஓய்வு ஆகியவை எல்லாம் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. மேலாளரும் நிர்வாகியும் அதற்கு வெளியே.

3,900 வெள்ளி வாங்கும் உங்களுக்கு, நீங்கள் எந்த வகை என்பதைப் பொறுத்து எல்லாம் மாறிவிடும். அலுவலக ஊழியர் என்றால் 2,600 வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். உடலுழைப்பு ஊழியர் என்றால் 4,500-க்குள் இருக்கிறீர்கள். சட்டத்தில் இதற்கு ஒரு விதி இருக்கிறது: ஒரே முதலாளியிடம் பாதி உடலுழைப்பும் பாதி வேறு வேலையுமாகச் செய்பவர், எந்தச் சம்பளக் காலத்திலும் உடலுழைப்பு நேரம் மொத்த நேரத்தின் பாதியை எட்டவில்லை என்று நிறுவப்பட்டாலன்றி, உடலுழைப்பு ஊழியராகவே கருதப்படுவார். மண்வெட்டியும் சல்லடையும் பிடிக்கும் நேரம் பாதிக்கு மேல் என்றால், அந்த விதி உங்கள் பக்கம் இருக்கிறது.

மறுபக்க வாதத்தையும் எதிர்பார்த்து வையுங்கள். உயர்கல்வியும் சிறப்பறிவும் உடைய, மேலாளருக்கு ஒப்பான பணி நிபந்தனைகளைக் கொண்ட தொழில்வல்லுநரை மனிதவள அமைச்சு நிர்வாகிகளோடு சேர்த்தே வைக்கிறது. வழக்கறிஞர், கணக்காளர், மருத்துவர் போன்றோரை உதாரணம் காட்டுகிறது. குழியின் மண் அடுக்குகளைப் படித்துப் பதிவு செய்வது சிறப்பறிவு என்று நிறுவனம் வாதிடும். அது உண்மையும்கூட. ஆனால் ஒருவர் மூன்று மாதத்துக்கும் குறைந்த ஒப்பந்தத்தில், விடுப்பின்றி, மழை நாளுக்குச் சம்பளம் வெட்டப்பட்டு வேலை செய்யும்போது, அவருடைய நிபந்தனைகள் மேலாளருக்கு ஒப்பானவை என்று சொல்வது எளிதன்று. பட்டம் மட்டும் முடிவு செய்யாது. நாள்தோறும் எத்தனை மணி நேரம் குழியில், எத்தனை மணி நேரம் பதிவில் என்று இன்றிலிருந்தே குறித்து வாருங்கள். களக்குறிப்பேடு எழுதுவது உங்களுக்கு இயல்பாக வரும்.

பேசிப் பயனில்லை என்றால், சச்சரவு நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணியில் சமரசத்துக்கு மனுச் செய்யலாம். அங்கே தீராவிட்டால் வேலை நியமனக் கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. வேலையில் இருக்கும்போது சச்சரவு எழுந்ததிலிருந்து ஓராண்டுக்குள், வேலையை விட்டபின் ஆறு மாதத்துக்குள் கோரிக்கை வைக்க வேண்டும். உங்கள் ஒப்பந்தம் அடிக்கடி முடிவதால், எந்த நாளிலிருந்து அந்த ஆறு மாதம் ஓடத் தொடங்குகிறது என்பதில் கவனமாக இருங்கள்.


பழைய குழி எழுதியது:

மனு, மன்றம் வரை போவதற்கு முன் ஒரு வழி இருக்கிறது. துறைக்குள் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

உங்கள் ஒப்பந்தங்களுக்கு நடுவே உள்ள ஓரிரு வாரம் உண்மையில் வேலை இல்லாத வாரமா? தோண்டியதைக் கழுவி, உலர்த்தி, எண்ணிட்டு, எடைபோட்டு, பட்டியலிட்டு, அறிக்கை எழுதாமல் எந்த அகழாய்வும் முடிவதில்லை. எம்பிரஸ் பிளேசில் தோண்டியது சில மாதம். அதன் பிறகான வேலையோ ஆண்டுக்கணக்கில் நீண்டது. தோண்டும் காலத்துக்கு மட்டும் ஆளை எடுத்துவிட்டு, பின்வேலையை யாராவது தொண்டூழியர் பார்த்துக்கொள்வார் என்று விடுவதால்தான் இந்த இடைவெளியே பிறக்கிறது. அடுத்த திட்டத்துக்கான விலைப்புள்ளியை நிறுவனம் மேம்பாட்டாளரிடம் கொடுக்கும் முன்பே, பின்வேலைக்கு இத்தனை வாரம் என்று தனி வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். அந்தச் செலவு மேம்பாட்டாளருடையது, நிறுவனத்தின் கையிலிருந்து போவதன்று. அது சேர்ந்துவிட்டால் இரண்டு களத்துக்கும் நடுவே உங்களுக்கு வேலை இருக்கும், ஒப்பந்தமும் தானாகவே மூன்று மாதத்தைத் தாண்டிவிடும்.

விலைப்புள்ளி போன பிறகு கேட்டால் பணமில்லை என்பார்கள். ஆகவே இந்த வாரமே பேசுங்கள் அம்மா.